ஊர்க் காரியம் யாருடைய காரியம்?

நீலகிரி ஜில்லாவிலுள்ள குன்னூரைப் பற்றி நாம் இன்று எழுதப் புகுந்ததற்குக் காரணம் அதன் குளிர்ச்சியல்ல, தேயிலையல்ல, மலை ரயிலும் அல்ல. அவ்வூர்க் குப்பையே காரணம். குப்பையைப் பற்றித் தலையங்கம் எழுத வேண்டிய அளவுக்கு நாட்டில் வேறு விஷயங்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டதா என்று சில கனவான்கள் முகத்தைச் சுளிக்கலாம். கோட்டையில் கொடி ஏறியதோடு சுயராஜ்யம் பூர்த்தியாகிவிட்டது என்று கருதுகிறவர்களுக்கு இந்த வியாசம் ருசிக்காது. தம் தெருக்கோடியில் தேங்கிக் கிடக்கும் சாக்கடைக்கும் தமக்கும் ஏதோ சம்பந்தமுண்டு என்று சந்தேகிக்கிறவர்கள் சிலராவது நம் வாசகர்களில் இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறோம்.

குன்னூரில் ஓட்டுப்பட்டறை என்று ஓர் இடம் உண்டு. ஊர்க்குப்பை முழுவதையும் நகரசபை வண்டிகள் நெடுங்காலமாகக் கொண்டுபோய்க் கொட்டிவந்த இடம் அது. மலை ஊர்களில் குப்பை மேடு என்றால் சமவெளியில் உள்ளதைப் போல எண்ணிவிடக் கூடாது. இங்கே சரிவில் கொட்டியது மழைக்கு இறங்கும். இறங்கியது ஓடையில் சேரும். ஓடை கீழேயுள்ளவன் குடிநீரில் கலக்கும். சோற்று வாசனைக்குக் காட்டெருமை வந்து பிளாஸ்டிக் பையோடு சேர்த்து மேயும். இந்த இடத்தைத்தான் 'கிளீன் குன்னூர்' என்ற பெயரில் கூடிய ஊர்வாசிகள் சிலர், நகரசபையின் ஒத்துழைப்போடு, வேறொன்றாக மாற்றிக் காட்டினார்கள். வரும் குப்பையை இனம் இனமாகப் பிரிக்க ஏற்பாடு செய்தார்கள். மட்குவது எருவாயிற்று. மட்காதது அழுத்திக் கட்டுகளாகக் கட்டப்பட்டு மறு உபயோகத்துக்குப் போயிற்று. எதற்கும் உதவாதது சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாகப் போயிற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய இடத்தில் செடி வைத்தார்கள். ஊர் நடுவே ஓடும் குன்னூர் ஆற்றிலும் இறங்கி, மண்ணும் குப்பையுமாக அடைந்து கிடந்ததை யந்திரங்களைக் கொண்டு வாரி அப்புறப்படுத்தினார்கள்.

ஆற்றை ஆறு என்று சொல்லவே நாக்கூசும் நிலையில் அது இருந்தது. கடைத்தெருவின் கழிவும் வீடுகளின் கழிவும் சேர்ந்த கால்வாய் என்றே சொல்ல வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் குன்னூர்வாசிகளில் பலர் யோசித்ததில்லை. மலையிறங்கிப் பவானியில் சேருகிறது. பவானிசாகர் அணைக்குப் போகிறது. ஈரோட்டுச் சீமையின் வயல்களுக்குப் பாய்கிறது. ஆகவே குன்னூர்ப் பாலத்தின் மேல் நின்று ஒருவன் வீசி எறிந்தது கோபிசெட்டிபாளையத்துக் குடியானவனின் காரியமுமாகிறது. மலைவாசிகள் தங்கள் ஊரைச் சுத்தம் செய்தால் அது அவர்கள் சொந்த சௌகரியத்துக்காக மட்டும் என்று கீழேயுள்ளவர்கள் நினைப்பது தவறு.

இதைக் கேட்டவுடன், "இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை, வரி எதற்குக் கொடுக்கிறோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. வரி கொடுப்பவனுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் நீலகிரியில் சர்க்கார் இந்த வேலையைச் செய்யாமலிருந்தது என்று சொன்னால் அது பொய்யாகும். சர்க்கார் செய்ததன் சரித்திரத்தையே பார்ப்போம்.

பிளாஸ்டிக் பைகளை ஒழிக்க வேண்டும் என்ற பேச்சு தேசத்தின் மற்றப் பாகங்களில் எழுவதற்கு நெடுநாள் முன்பே, 2000-2001-ம் வருஷங்களில், நீலகிரிக் கலெக்டராயிருந்த ஸ்ரீமதி சுப்ரியா சாஹு அந்த இயக்கத்தை ஆரம்பித்தார். 'ஆபரேஷன் ப்ளூ மௌண்டன்' என்று அதற்குப் பெயர். ஊற்றுக்கண்களிலும் ஓடைகளிலும் அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக்கை அகற்றச் செய்தார். கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். ஜில்லாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. வேறு ஜில்லாக்காரர்கள் வந்து பார்த்து வியந்து போனார்கள். பிறகு என்ன ஆயிற்று? கலெக்டருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அது வராமல் இராது. வந்த கலெக்டர்களில் சிலர் ஊக்கமுள்ளவர்கள். சிலருக்கு வேறு வேலைகள். தடை புஸ்தகத்தில் இருந்தது. பை கடையில் இருந்தது. 2019 ஜனவரி முதல் தேதி தமிழ்நாடு முழுவதற்கும் தடை வந்த பிறகும், சிறிய தண்ணீர்ப் போத்தல்களை மலையேற்றாமல் தடுக்க ஹைக்கோர்ட்டு தலையிட வேண்டியிருந்தது. பாட்டிலுக்குப் பதிலாக ரஸ்தா ஓரங்களில் காசு போட்டால் குடிநீர் தரும் யந்திரங்களை ஜில்லா அதிகாரிகள் நிறுவினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் யந்திரம் பழுதானால் அன்றே போய்ச் சொல்லுகிறவன் யார்? அங்கேதான் நம் வாதம் ஆரம்பமாகிறது. அதிகாரிக்கு மாற்றல் உண்டு. ஊருக்கு மாற்றல் இல்லை.

"எல்லாம் உல்லாசப் பிரயாணிகளால் வந்த வினை" என்பது மலை ஜனங்கள் அடிக்கடி சொல்லும் மற்றொரு சமாதானம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கோடைக் காலத்தில் உதகையின் ரஸ்தாக்களில் மோட்டார்கள் நகர முடியாமல் நிற்பதை யாரும் பார்க்கலாம். அதனால்தான் ஹைக்கோர்ட்டு உத்தரவின் பேரில் 2024 மே 7-ந் தேதி முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025-ம் வருஷக் கோடையில் சாதாரண நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று கோர்ட்டு எல்லையும் கட்டியது. ஆனால் உதகை ஏரியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சல்லிவன் துரை 1820-களில் வெட்டுவித்த ஏரி அது. அதற்குள் ஊர்க் கழிவைக் கொண்டுவந்து சேர்ப்பது கோடப்பமந்து கால்வாய். மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. ஒரு காலத்தில் தோடர்களின் எருமை தண்ணீர் குடித்திருக்கக் கூடிய ஓடைக்கு இன்று பக்கத்தில் நின்று பேச முடியவில்லை. கால்வாய்க்குள் வீட்டுக் குழாயை இரகசியமாகத் திருப்பிவிட்டவன் சென்னையிலிருந்து வந்த பிரயாணி அல்லவே! அவன் அங்கேயே வசிப்பவன், வோட்டுரிமை உள்ளவன், நாளைக்குக் கவுன்சிலராக நிற்கக் கூடியவன். பிரதிவாதிக் கூண்டில் பிரயாணியை மட்டும் நிறுத்திவிட்டு நாம் வாதியாக உட்கார்ந்துகொள்வதை எந்தக் கோர்ட்டும் ஒப்பாது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். உதகையிலும் குன்னூரிலும் 1866-ம் வருஷத்திலேயே நகரசபைகள் ஏற்பட்டன. யாருக்காக ஏற்பட்டன? கோடையில் கவர்னரும் அவர் பரிவாரமும் மலையேறி வந்து தங்குவதற்காக. துரைமார் பங்களாக்களுக்கு ரஸ்தா போடவும், அவர்கள் வீதியைப் பெருக்கவும் ஏற்பட்ட ஸ்தாபனங்கள் அவை. ஸ்தல சுயாட்சி ஜனங்களுக்கு அரசியல் பள்ளிக்கூடமாக வேண்டும் என்ற கருத்தோடு ரிப்பன் பிரபு 1882-ல் தீர்மானம் வெளியிட்டார். மலையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த நம்மவர் சிலரே. ஊரைப் பராமரிப்பது துரையின் வேலை, பெருக்குவது ஒரு ஜாதியாரின் வேலை, பார்த்துக்கொண்டிருப்பது மற்றவர்களின் வேலை என்று மூன்றாகப் பிரித்து வைத்தார்கள். துரை போனார். அவர் நாற்காலியில் அதிகாரி உட்கார்ந்தார். மற்ற இரண்டு பிரிவும் அப்படியே இருக்கின்றன.

அப்படியே இல்லாத இடங்களும் இருந்தன என்பதற்கு மலையிலேயே சாட்சியம் உண்டு. ஹுப்பதலை என்ற கிராமத்தில் பிறந்த படகர் தலைவர் ஸ்ரீ எச்.பி. ஆரி கவுடரை இன்று சமவெளியில் எத்தனை பேருக்குத் தெரியும்? மலையில் உருளைக்கிழங்கு விளைவித்த குடியானவர்கள் அக்காலத்தில் மேட்டுப்பாளையத்து மண்டிக்காரர்களின் கைப்பிடியில் இருந்தார்கள். விதைக்கும் எருவுக்கும் முன்பணம் வாங்குவது. விளைந்ததை மண்டிக்காரர் சொன்ன விலைக்குப் போடுவது. கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சுவது. இதற்குச் சர்க்காரிடம் மகஜர் எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம். கவுடர் சட்டசபையில் இருந்தவர். மகஜர் எழுதத் தெரியாதவர் அல்ல. 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நிறுவினார். குடியானவன் தன் மூட்டையைத் தன் சங்கத்துக்கே கொண்டுவந்து, கண்ணெதிரே ஏலம் விடுவதைப் பார்த்துப் பணம் வாங்கிப் போகும் நிலை வந்தது. ஸ்தாபித்தவர் 1971-ல் காலமானார். சங்கத்தின் ஏலம் அதற்குப் பிறகும் மேட்டுப்பாளையத்தில் நடந்து வருகிறது. ஒரு மனிதரின் ஆர்வத்தைக் கணக்குப் புஸ்தகமும் அங்கத்தினர் கூட்டமும் கொண்ட ஸ்தாபனமாக மாற்றியதே அதற்குக் காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

கோத்தகிரியில் மற்றொரு சாட்சியம். ஊரை ஒட்டி லாங்வுட் சோலை என்று 116 ஹெக்டேர் பரப்புள்ள காடு. சோலை என்றால் பூந்தோட்டம் என்று எண்ணுகிற சமவெளி வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: மலை மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் பழங்காட்டுக்கே அங்கே சோலை என்று பெயர். பாசியும் வேரும் இலைச் சருகும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடும். சுற்றுப்புறக் கிராமங்கள் பல அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு காடு இருந்தால் அதன் கதி என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. விறகு, மேய்ச்சல், குப்பை. கோத்தகிரி வாசிகள் சிலர் ஒரு கண்காணிப்புக் குழு அமைத்துக்கொண்டு வனஇலாகாவோடு கூடி அதைக் காத்தார்கள். அந்நியக் களைகளைப் பிடுங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்துப் போய் மரத்தின் பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2024 ஜனவரியில் அந்தச் சோலை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் ஜாபிதாவில் சேர்ந்தது. ஜாபிதாவில் சேர்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. களை பிடுங்கிய வருஷங்கள் பத்திரிகையில் வரவில்லை. பத்திரிகைக்காரர் என்ற முறையில் அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

இவ்வளவு புகழ்ந்த பின் ஒரு குறையையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாக எழுதியவர்களாக மாட்டோம். இத்தகைய சங்கங்களின் கூட்டத்துக்குப் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் யார்? படித்தவர்கள், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள். நம்மைப் போன்றவர்கள் என்றே சொல்லிவிடுகிறோம். குப்பையைக் கையால் தொட்டுப் பிரிக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் வசிக்கிறவர்கள் இல்லை. ஊரைப் பற்றி அவர்களுக்கு அபிப்பிராயம் கிடையாதா? கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைக் கேளுங்கள்: எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவு எந்த மழைக்கு இறங்கும் என்று பொறியியல் இலாகா அறியாததை அவள் சொல்லுவாள்.

இவர்களில் பலருடைய குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964-ம் வருஷத்துச் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, அங்கே தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை இரண்டு சர்க்கார்களும் எண்ணிக்கை போட்டுப் பங்கிட்டுக்கொண்டன. அவர்களுக்கு வேலை கொடுக்கவே சென்னை சர்க்கார் 1968-ல் தேயிலைத் தோட்டங்களை ஆரம்பித்தது. 'டான்டீ' என்று வழங்குவது அதுதான். இங்கே பிரஜையாகி அரை நூற்றாண்டு ஆன பிறகும் லைன் வீட்டுக்காரனின் சாக்கடை யாருடைய சாக்கடை என்பது தீர்ந்தபாடில்லை. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றைத் தோட்ட முதலாளியின் பொறுப்பில் வைத்தது. நல்ல நோக்கமே. ஆனால் அதன் பலன் என்ன? பஞ்சாயத்தைக் கேட்டால் "அது தோட்டத்தின் எல்லை" என்கிறது. தோட்டத்தைக் கேட்டால் "தேயிலை விலை விழுந்துவிட்டது" என்கிறது. ரஸ்தாவும் விளக்கும் கேட்டோடு நின்றுவிடுகின்றன. வோட்டுப் பெட்டி மட்டும் கேட்டைத் தாண்டி உள்ளே போகிறது.

1934-ம் வருஷ ஆரம்பத்தில், ஹரிஜன யாத்திரையின் நடுவே, மகாத்மா குன்னூரில் சில நாட்கள் தங்கினார். அதை மலை ஜனங்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். தெருவைச் சுத்தம் செய்வதும் தெருப் பெருக்குகிறவனைச் சமமாக உட்கார வைப்பதும் அவருக்கு ஒரே வேலையின் இரண்டு கைகளாக இருந்தன. நம்முடைய தொண்டர் சங்கங்கள் முதல் கையை உபயோகிக்கின்றன. இரண்டாவது கை இன்னும் பையிலேயே இருக்கிறது.

சங்கம் எவ்வளவு நல்லதானாலும் அது நகரசபை ஆகாது என்பதை அடுத்தபடியாகச் சொல்ல வேண்டும். சங்கத்துக்கு நன்கொடை கொடுக்கிறவர் மனம் மாறலாம், நடத்துகிறவர்களுக்கு வயதாகலாம். வரி விதிக்கும் அதிகாரமும், "ஏன் செய்யவில்லை?" என்று ஜனங்கள் கேட்டால் பதில் சொல்லும் கடமையும் ஸ்தலஸ்தாபனத்துக்குத்தான் உண்டு. ஆனால் அந்த ஸ்தாபனங்களை நாம் நடத்திய லக்ஷணத்தைப் பாருங்கள். 2011-ல் தேர்தல் நடந்த நகரசபைகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ந் தேதி நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர் கூட இல்லை. தனி அதிகாரிகளே ஆண்டார்கள். நீலகிரியின் கிராமப் பஞ்சாயத்துகள் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. 2025 ஜனவரியில் அவற்றின் காலம் முடிந்தபோது அங்கேயும் தனி அதிகாரிகளே வந்து உட்கார்ந்தார்கள். காலம் முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-E, 243-U ஷரத்துகள் ஐயத்துக்கிடமின்றிச் சொல்லுகின்றன. வக்கீல் தொழிலில் பழகிய நாம் எத்தனையோ ஷரத்துகளுக்கு இரண்டு அர்த்தம் சொல்லியிருக்கிறோம். இவற்றுக்கு இரண்டாவது அர்த்தம் நமக்கும் அகப்படவில்லை. இதற்காகத் தெருவில் இறங்கிய கட்சிகள் எத்தனை? எம்.எல்.ஏ. பதவி ஒரு மாதம் காலியாயிருந்தால் கூச்சலிடுகிற தேசபக்தர்கள், வார்டுக்கு ஐந்து வருஷம் ஆளில்லாதபோது எங்கே போயிருந்தார்கள்?

இப்போது நகரங்களில் வார்டுக் கமிட்டியும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. கிராமத்தில் வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. கூட்டம் நடக்கும் விதமும் தெரிந்ததே: முன்கூட்டி எழுதி வைத்த தீர்மானத்தை ஒருவர் வேகமாக வாசிக்கிறார், கையெழுத்து வாங்குகிறார்கள், டீ கொடுக்கிறார்கள். நம் அரசியல் ஊழியர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். மாநாட்டுக்கு லாரி பிடித்து ஆள் சேர்க்கிற சாமர்த்தியத்தில் பத்தில் ஒரு பங்கை இந்தச் சபைகளுக்குச் செலவிடுங்கள். கிளீன் குன்னூர் போன்ற சங்கத்தாரிடம் கேட்டுக்கொள்வதும் உண்டு. கமிஷனரின் அறையில் பேசி முடிக்கிற விஷயங்களைப் பகுதி சபையில் பேசுங்கள். தாமதமாகும். சண்டையும் வரும். ஆனால் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட வேலைக்கு ஊர் முழுவதும் ஜாமீன் நிற்கும். கமிஷனர் மாறிப் போனாலும் ஜாமீன் ரத்தாகாது.

இதில் அவசரமும் இருக்கிறது. 2009 நவம்பரில் மூன்று நாள் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பது பேருக்கு மேல் மாண்டார்கள். மேட்டுப்பாளையம் ரஸ்தாவும் ரயில் பாதையும் அறுந்து போயின. சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளும், அடைபட்ட நீர்வழிகளும் சேர்ந்து செய்த வேலை அது என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலையில் சாக்கடை அடைப்பது மூக்குக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமல்ல என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

ஆகவே குன்னூர் வாசகர்களுக்கு ஒரு யோசனை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் மலையேறும். அதற்கு முன் கூடும் பகுதி சபையில் ஒவ்வொரு வார்டிலும் ஒருவராவது எழுந்து மூன்று விவரம் கேட்கட்டும். இந்த வார்டில் எத்தனை நீர்வழி இருக்கிறது, அதில் எத்தனையின் மேல் கட்டடம் நிற்கிறது? ஆற்றில் சென்ற தடவை வாரியதற்குப் பிறகு மறுபடியும் எப்போது வாருவீர்கள், அதற்கு எவ்வளவு தொகை ஒதுக்கியிருக்கிறீர்கள்? ஓட்டுப்பட்டறையில் குப்பை பிரிக்கிறவர்களுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தீர்கள்? மூன்றாவது கேள்வியைக் கேட்க அந்தத் தொழிலாளிகளில் ஒருவரையே அழைத்து வந்து முன் வரிசையில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது. கிடைக்கும் பதிலை எழுதி நமக்கு அனுப்பினால், அது எவ்வளவு நீளமாயிருந்தாலும், வெட்டாமல் இந்தப் பக்கத்திலேயே பிரசுரிப்போம்; பதில் கிடைக்காவிட்டால் கேட்ட கேள்வியையும் கேட்ட தேதியையும் பிரசுரிப்போம்.